வாயில் மறுத்தல்: அலுவலக விபிஎன் நுழைவு குறித்து ஓர் அகத்திணை ஆராய்ச்சி

தமிழில் வாயில் பற்றிய ஆராய்ச்சிக்குக் குறைவே இல்லை. வெளியே போன தலைவன் மறுபடி வீட்டுக்குள் நுழையப் படும் பாட்டை மருதப் பாடல்கள் விதவிதமாகச் சொல்ல, அவற்றை ‘வாயில் வேண்டல்’, ‘வாயில் மறுத்தல்’, ‘வாயில் நேர்தல்’ என்று துறை பிரித்து வைத்தார்கள் முன்னோர். ஆனால் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அலுவலக விபிஎன் இன்று உள்ளே விடுமா விடாதா என்று உட்கார்ந்திருப்பவரைப் பற்றி ஒரு நூற்பாவும் இல்லை. பிரவுசர் வழியாக நடக்கும் ஒற்றை உள்நுழைவு, அதாவது எஸ்எஸ்ஓ, இன்று எந்தக் கம்பெனியிலும் உள்ள நித்திய சடங்கு. அதற்கு இலக்கணம் வகுக்க யாரும் முன்வராத நிலையில் இக்கட்டுரை துணிகிறது.

முதலில் திணை. பழைய மாமல்லபுரம் சாலைக்குக் கிழக்கே கடல், மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு. மென்பொருள் கம்பெனிகள் நெருக்கியடித்து நிற்கும் இந்நிலம் நெய்தல் என்பதில் ஐயமில்லை. அங்கே நிகழும் ஒழுக்கமோ ஊடல். அது மருதத்துக்கு உரியது. இப்படி ஒன்றின் நிலத்தில் மற்றொன்றின் ஒழுக்கம் வந்து புகுந்தால் ‘திணைமயக்கம்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது இலக்கணக்காரர் வழக்கம். நாமும் அப்படியே தப்பித்துக்கொள்வோம். பொழுதில்தான் கருத்து வேறுபாடு. மருதத்துக்கு வைகறை என்பது விதி. அமெரிக்க கிளையன்ட்டுக்கு வேலை செய்வோர் மாலை ஏழரை என்பர். சிட்னி கிளையன்ட்டுக்கு வேலை செய்வோர் மட்டுமே தொல்காப்பிய மரபை இன்றளவும் வழுவாமல் காத்துவருகின்றனர்.

அடுத்து மாந்தர். வீட்டிலிருக்கும் லேப்டாப் தலைவன். சோர்ஸ் கோடு, சம்பளப் பட்டியல், விடுப்பு விண்ணப்பம் முதலிய செல்வங்களோடு உள்ளே வீற்றிருக்கும் அலுவலக நெட்வொர்க் தலைவி. வாசலில் நிற்கும் விபிஎன் கேட்வே தோழி. ஊழியர் ஒவ்வொருவரையும் வேலையில் சேர்ந்த நாள்முதல் அறிந்த ஐடென்டிட்டி புரொவைடர், சுருக்கமாக ஐடிபி, செவிலித்தாய். மைக்ரோசாஃப்ட்டின் என்ட்ரா ஐடி, ஓக்டா போன்றவை இக்காலச் செவிலியர். எஞ்சியது பிரவுசர். தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே போய்வரும் வாயில்களைத் தொல்காப்பியக் கற்பியல் பன்னிரண்டு என்று கணக்கிடுகிறது. அவர்களுள் பாணனுக்கு நேராகப் பிரவுசரை வைக்கலாம். எல்லா வீட்டுக்கும் போய்வருவான், எல்லார் கதையும் அவனுக்குத் தெரியும், அவன் சொல்வதை எந்தத் தோழியும் நம்பமாட்டாள்.

ஆதியில் செவிலிக்கு வேலை இல்லை. தோழியே பாஸ்வேர்ட் பட்டியலைக் கையில் வைத்திருந்தாள். பாஸ்வேர்ட் கேட்ட முதல் கணினிகளுள் ஒன்று, 1960களின் தொடக்கத்தில் எம்ஐடியில் உருவான சிடிஎஸ்எஸ். 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை என்று பாஸ்வேர்ட் ஃபைல் முழுவதையும் பிரின்ட் எடுத்துக்கொண்டார். ஆகப் பாஸ்வேர்டும் பாஸ்வேர்ட் திருட்டும் ஏறத்தாழ ஒரே வயதினர். பிறகு மெயிலுக்கு ஒன்று, விபிஎன்-க்கு ஒன்று, சம்பளச் சீட்டுக்கு ஒன்று என்று பாஸ்வேர்டுகள் பெருகி, மானிட்டரின் ஓரத்தில் மஞ்சள் சீட்டாக ஒட்டப்பட்ட காலம் வந்தது. பாஸ்வேர்டைக் காரணமில்லாமல் அவ்வப்போது மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே எழுதிவிட்டது. பல அலுவலகங்களுக்கு அந்தத் தபால் இன்னும் வந்து சேரவில்லை. இந்த அவதிக்கு மருந்தாக வந்த எக்ஸ்எம்எல் நெறிதான் எஸ்ஏஎம்எல், பேச்சில் ‘சாமெல்’. அதன் 2.0 பதிப்பை ஓயாசிஸ் அமைப்பு 2005 மார்ச்சில் ஏற்றது. இருபது ஆண்டு கடந்தும் செல்வாக்கு குறையாத நூல் அது.

இனி நிகழ்வை அருகே சென்று பார்ப்போம். ‘கனெக்ட்’ பட்டனை அழுத்தியதும் விபிஎன் செயலி கேட்வேயைக் கூப்பிடுகிறது. ‘உன்னை எனக்குத் தெரியாது, செவிலியிடம் எழுதி வாங்கி வா’ என்று கேட்வே ஒரு கோரிக்கையைக் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறது. செயலி பிரவுசரை எழுப்பி அதைக் கையில் திணிக்கிறது. பிரவுசர் ஐடிபியிடம் ஓடுகிறது. காலையில் மெயில் பார்த்தபோதே லாகின் ஆகியிருந்தால் குக்கீ சாட்சி சொல்லும். இல்லையென்றால் பாஸ்வேர்ட், அதற்கு மேல் கைப்பேசியில் ஒப்புதல். மனம் இளகிய ஐடிபி, ‘இவர் இன்னார், இந்த ஓலை இந்தக் கேட்வேக்கு மட்டும், இன்ன நேரத்துக்குமேல் செல்லாது, உங்கள் இன்ன எண் கோரிக்கைக்குப் பதில்’ என்று எழுதி டிஜிட்டல் முத்திரை வைக்கிறது. பிரவுசர் அதைச் சுமந்து வந்து கேட்வேயிடம் சேர்க்கிறது. இத்தனை நடந்தும் கேட்வேயும் ஐடிபியும் ஒரு வார்த்தைகூட நேரில் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் முகவரியும் முத்திரையும் மற்றவருக்குத் தெரியும், அவ்வளவே. நம்பத்தகாத பாணனின் கையில் ஓலையைக் கொடுத்தும் மோசம் போகாமல் இருப்பதற்கு அந்த முத்திரை ஒன்றே காவல்.

இதோடு முடிந்ததா? இல்லை. வெற்றிச் செய்தி பிரவுசரிலிருந்து விபிஎன் செயலிக்கு வந்தாக வேண்டும். ஒரே லேப்டாப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எனவே செயலி, 127.0.0.1 என்ற முகவரியில் ஒரு போர்ட்டைத் திறந்து காதை வைத்துக்கொண்டு காத்திருக்கும். அமேசானின் கிளையன்ட் விபிஎன் 35001ஆம் போர்ட்டில் காத்திருப்பது வழக்கம். பிரவுசர், ஊரெல்லாம் சுற்றிவிட்டு, புறப்பட்ட இயந்திரத்துக்கே வந்து கதவைத் தட்டுகிறது. 127இல் தொடங்கும் முகவரிகள் எல்லாமே ‘நான்’ என்ற ஒரே பொருளைத் தருபவை, மொத்தம் 1,67,77,216. தன்னைக் குறிக்க இத்தனை முகவரி வேண்டுமென்று வேதாந்திகள்கூடக் கேட்டதில்லை.

பிரவுசர் எது என்பதில் இரண்டு பள்ளிகள் உண்டு. செயலி தனக்குள்ளேயே ஒரு குட்டி ஜன்னலைத் திறந்து அதில் லாகின் பக்கத்தைக் காட்டலாம் என்பது பழைய பள்ளி. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அந்த ஜன்னலில் தட்டும் பாஸ்வேர்டைச் செயலி நினைத்தால் எட்டிப் பார்க்கலாம். வழக்கமான பிரவுசரின் குக்கீ அங்கே இல்லாததால் ஒற்றை உள்நுழைவு இரட்டை உள்நுழைவு ஆகிவிடும். முகவரிப் பட்டை பெரும்பாலும் இருக்காது என்பதால் எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்பதும் தெரியாது. வெளியே இருக்கும் முழு பிரவுசரையே திறக்க வேண்டும் என்பது புதிய பள்ளி. 2017 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 8252 என்ற இணைய நெறி ஆவணம் இந்தக் கட்சியை ஆணித்தரமாக நிறுவியது. அது ஓஆத் என்ற வேறொரு அனுமதி முறைக்கு எழுதியதுதான் என்று பழைய பள்ளியார் மறுப்பர். வாதம் சாமெலுக்கும் பொருந்துகிறது. இவ்வாய்வாளன் புதிய பள்ளியைச் சேர்ந்தவன்.

புதிய பள்ளிக்கும் ஒரு களங்கம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. எல்லாம் முடிந்தபின் பிரவுசரில் ஒரு டேப் எஞ்சி நிற்கும். ‘இனி இந்தப் பக்கத்தை மூடிவிடலாம்’ என்று அதில் எழுதியிருக்கும். மூடலாமென்றால் தானே மூடிக்கொள்ள வேண்டியதுதானே என்று பாமரர் கேட்பர். முடியாது. பொதுவாக, ஸ்கிரிப்ட் தான் திறந்த ஜன்னலைத்தான் மூடலாம் என்பது பிரவுசர் விதி. வெளியிலிருந்து ஒரு செயலி திறந்து, பல பக்கங்கள் கடந்து வந்த டேப்பை மூட அதற்கு அதிகாரமில்லை. விளைவாக, வெள்ளிக்கிழமை மாலைக்குள் இத்தகைய டேப்கள் வரிசை கட்டி நிற்கும். அன்றன்று மூடுவோர், வாரம் ஒருமுறை மூடுவோர், லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் நாள்வரை மூடாதோர் என ஊழியர் மூவகைப்படுவர்.

இவற்றை அமைப்பவர் படும் பாடு தனி இயல். அடிப்படையில் அவர் ஐடிபியின் திரையிலிருந்து கேட்வேயின் திரைக்கும், அங்கிருந்து இங்கும் சில முகவரிகளை எடுத்து ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் பாடபேதம் என்ன செய்யும் என்பதைச் சுவடி பதிப்பித்தவர்களைவிட இவரே நன்கு அறிவார். ஒரு பக்கம் முகவரியின் கடைசியில் சாய்கோடு இருந்து மறுபக்கம் இல்லாவிட்டால் ஓலை செல்லாது. ‘என்டிட்டி ஐடி’ என்ற ஒன்று இணைய முகவரி வேடத்தில் இருக்கும். கிளிக் செய்தால் எதுவும் வராமல் போகலாம். அது வெறும் பெயர். இதை அறியாமல், பக்கம் திறக்கவில்லை என்று ஃபயர்வாலைக் குடைந்த அறிஞர்கள் பலர்.

தமிழருக்கு மட்டும் ஒரு கூடுதல் சோதனை. ஐடிபிக்களின் அடியில் கிடக்கும் எல்டாப் என்ற டைரக்டரி மரபில், மனிதர் என்ற வகைக்கு ‘சர்நேம்’ கட்டாயம். குடும்பப் பெயரே இல்லாமல் தகப்பனாரின் முதலெழுத்தோடு மூன்று தலைமுறையாக நிம்மதியாக வாழ்ந்துவரும் சமூகத்தை இந்த நெறி கணக்கில் எடுக்கவில்லை. அந்தப் பெட்டியை ஒருவர் இனிஷியலால் நிரப்புவார், ஒருவர் அப்பா பெயரால், ஒருவர் வெறும் புள்ளியால். ஐடிபியில் அப்பா பெயரோடும் கேட்வேயில் இனிஷியலோடும் பதிவான ஒருவர், தாமே வேறு இருவராகி, வாசலில் நிற்க நேர்கிறது.

நேரமும் ஒரு வில்லன். ஓலையில் ‘இதற்கு முன் செல்லாது, இதற்குப் பின் செல்லாது’ என்று இரண்டு எல்லைகள் உண்டு. கேட்வேயின் கடிகாரம் சில நிமிடம் பின்தங்கினால், இப்போது எழுதிய ஓலை எதிர்காலத்திலிருந்து வந்ததாகத் தெரியும், தோழி கதவடைப்பாள். இந்தியாவில் இதற்கு அரசாணையே இருக்கிறது. இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்களின் கணினிக் கடிகாரங்கள் என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறது.

முத்திரையை வாங்கிக்கொண்டால் போதாது, சரிபார்க்கவும் வேண்டும். இது சொல்ல வேண்டிய விஷயமா என்று தோன்றும். 2020 ஜூனில் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் தன் ஃபயர்வால் மென்பொருளில் இருப்பதாக அறிவித்த ஓட்டைக்கு ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. சாமெல் இயங்கி, ஐடிபியின் சான்றிதழைச் சரிபார்க்கும் கட்டத்தில் டிக் இல்லாமலிருந்தால், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்ற நிலை. சில சேவைகளின் அமைப்புக் கையேடுகளே அந்த டிக்கை எடுத்துவிடச் சொல்லியிருந்தன. 2018இல் வெளிவந்த மற்றொன்று பதிப்பாசிரியர்களுக்குச் சுவையானது. ஓலையில் பெயரின் நடுவே ஒரு எக்ஸ்எம்எல் குறிப்புரையைச் செருகினால், சில நிரல்கள் அதற்கு முன்னாலுள்ள பாதியை மட்டுமே பெயராகப் படித்தன. குறிப்புரையை முத்திரை கணக்கில் கொள்ளாததால் அது உடையவுமில்லை. உரை மூலத்தை விழுங்கும் என்று நாம் தமிழில் கண்ட நோய், கணினியிலும் உண்டு.

களஆய்வில் கேட்கும் உரையாடல் பெரும்பாலும் இவ்வாறு அமையும்.

“சார், விபிஎன் கனெக்ட் ஆகமாட்டேங்குது.”

“என்ன எர்ரர் காட்டுது மேடம்?”

“எர்ரர் ஒண்ணும் இல்ல, சுத்திக்கிட்டே இருக்கு.”

“இன்காக்னிட்டோல திறந்து பாருங்களேன்.”

“அதை நான் எங்க சார் திறக்கிறேன்? அதுவாத்தானே திறக்குது.”

“அப்ப ஒரு டிக்கெட் போட்டுடுங்க மேடம்.”

“டிக்கெட் போடற சைட்டே விபிஎன்-குள்ளதான் சார் இருக்கு.”

இன்காக்னிட்டோ என்று ஹெல்ப் டெஸ்க் சொன்னதில் பொருளுண்டு. கிளையன்ட் கொடுத்த கணக்கொன்று அதே பிரவுசரில் லாகின் ஆகியிருந்தால், எஸ்எஸ்ஓ யாரையும் கேட்காமல் அந்தப் பெயரில் ஓலை வாங்கிவந்து அவமானப்படும். கடைசி வரியில் அந்த அம்மையார் எடுத்துக்காட்டியது அதைவிடப் பெரிய முடிச்சு. அதே முடிச்சு ஐடிபியிலும் விழலாம். ‘அலுவலக நெட்வொர்க்கிலிருந்து வந்தால்தான் லாகின்’ என்று ஐடிபியில் ஒரு விதியை எழுதி, விபிஎன்-க்கு விலக்குத் தர மறந்தால், உள்ளே இருப்பவர் மட்டுமே உள்ளே வரலாம் என்றாகிவிடும். ஆபத்தே இல்லாத பாதுகாப்பு என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

கைப்பேசி ஒப்புதலை நம்பி அலட்சியமாக இருப்பதும் ஆகாது. 2022 செப்டம்பரில் உபர் நிறுவனத்தில் நடந்தது இது: ஒப்பந்தப் பணியாளர் ஒருவருக்கு, ஊடுருவ முயன்றவர் கிளப்பிய ஒப்புதல் கோரிக்கைகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தன; கடைசியில் ஒன்றுக்கு அவர் சம்மதித்துவிட்டார். தொல்லை தாங்காமல் வாயில் நேர்ந்த கதை. இத்தகைய தொல்லையைத் தடுக்கத்தான் மைக்ரோசாஃப்ட் 2023 மே முதல், திரையில் தெரியும் எண்ணைக் கைப்பேசியில் தட்டச் சொல்கிறது.

இறுதியாக, இதை அமைக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்ட்ரா ஐடியில் சாமெல் முத்திரைச் சான்றிதழின் வழக்கமான ஆயுள் மூன்று ஆண்டு. அது முடிய 60, 30, 7 நாள் இருக்கும்போது எச்சரிக்கை மெயில் வரும். வேறு முகவரி கொடுக்காவிட்டால், அன்று அதை அமைத்தவருக்கே வரும். மூன்று ஆண்டில் அவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். அந்தப் பெட்டியில் டீமின் பொது முகவரியைப் போடுங்கள். எஸ்எஸ்ஓவைச் சாராத அவசர அட்மின் கணக்கு ஒன்றும் வைத்திருங்கள். அதன் பாஸ்வேர்டை விபிஎன்-க்கு உள்ளே இருக்கும் டாக்குமென்டில் மட்டும் எழுதி வைக்காதீர்கள்.