மலைத்தேன் மகாத்மியம்

கொல்லிமலைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர் அரிது. பழைய பாட்டிலில் அடைத்த மலைத்தேன் ஒன்று கூடவே வரும். விற்பவர் இலவச இணைப்பாக ஒரு நோய்ப் பட்டியலும் சொல்வார்: சளி, மூட்டுவலி, தொப்பை, ஞாபகமறதி. சர்க்கரை வியாதிக்கும் நல்லதாம். தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரைதான் என்ற சேதி இன்னும் மலையேறவில்லை போலும்.

படித்தவர்களுக்கு வேறு கட்சி: உள்ளூர்த் தேனில் உள்ளூர் மகரந்தம், ஆகவே ஒவ்வாமைத் தும்மல் நிற்கும். தும்ம வைப்பது பெரும்பாலும் புல்லும் மரமும் காற்றில் விடும் மகரந்தம். தேனீ போவதோ பூவைத் தேடி. 2002இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு குழுவுக்கு உள்ளூர்த் தேன், இன்னொன்றுக்குக் கடைத்தேன், மூன்றாவதற்குத் தேன் வாசனையிட்ட சோளப்பாகு கொடுத்துப் பார்த்தார்கள். தும்மலில் பேதமில்லை.

சும்மா சொல்லக்கூடாது, இருமலுக்குத் தேன் ஓரளவு கேட்கும். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கூடாது. பாட்டுலிசம் என்ற நச்சுநோய் வரலாம். சேனை வைக்க விரல் நீட்டும் தாய்மாமன்கள் கவனிக்க.

சுத்தத் தேனா? நாய் நக்காது, எறும்பு மொய்க்காது என்பார்கள். 2020இல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்துக்குக் கலப்படப் பாகைப் பிடிக்க அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனை தேவைப்பட்டது. நம் தெருநாய் இதே வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்துவருகிறது.