ஆறா, ஒன்பதா? ஹாங்காங்கிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பா அவர்களுக்கு,

கான்டனீஸ் மொழியில் தொனிகள், அதாவது சொல்லின் பொருளையே மாற்றிவிடும் குரல் ஏற்ற இறக்கங்கள், ஒன்பது என்று மரபுவழி வந்தோர் சாதிப்பதும், ஆறுதான் என்று மொழியியலார் மறுப்பதும் இங்குத் தீராத வழக்கு. இரு தரப்பும் சரியே என்பதுதான் புதிதாகக் குடியேறும் தமிழருக்கு வாய்க்கும் முதல் தலைவலி.

பழஞ்சீன மரபு தொனிகளைச் சமம், ஏற்றம், செல்கை, நுழைவு என நான்காகப் பகுத்தது. ஷென் யுவே முதலான புலவர்கள் 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை யாப்பு விதியாக்கிய பின், லியாங் அரசர் வூ விளக்கம் கேட்க, சோ ஷெ என்பவர் தொனிக்கு ஒன்றாக அரசரின் ஞானத்தைப் புகழும் நான்கு எழுத்துகளையே விடையாகச் சொன்னாராம். பாடமும் ஆயிற்று, முகத்துதியும் ஆயிற்று, அரசர் மட்டும் அவ்விதியைக் கைக்கொள்ளவில்லை. பின்னர்ச் சொல்லின் முதல் மெய் ‘பக்கம்’ என்பதன் ககரம்போல் அதிர்வற்றதா, ‘தங்கம்’ என்பதன் ககரம்போல் அதிர்வுடையதா என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் யின், யாங் என இரண்டாகி எட்டாயின. கான்டனீஸில் யின் நுழைவு மட்டும் உயிரின் குறில் நெடில் பார்த்து மீண்டும் பிளந்ததால் ஒன்பதாயின.

நுழைவுத்தொனி என்பது ப், த், க் என முடியும் சொற்களுக்கு உரியது. அதன் மூன்று வகைகளும் சுருதியில் ஏனைய ஆறில் மூன்றையே ஒத்திருப்பதால், 1993இல் ஹாங்காங் மொழியியல் கழகம் வகுத்த ஜ்யூட்பிங் எழுத்துமுறை அவற்றுக்கு 1, 3, 6 என்ற பழைய எண்களையே கொடுத்து ஆறோடு நிறுத்திக்கொண்டது. மரபோ சொல்லின் ஈற்றையும் சேர்த்து எண்ணியது. 3, 9, 4, 0, 5, 2, 7, 8, 6 என்று கான்டனீஸில் வாய்விட்டுச் சொன்னால் ஒன்பதும் வரிசையாக வந்துவிடும்: கடைசி மூன்றில் ‘சத்’ குறிலும் உச்சமும், ‘பாத்’ நெடிலும் நடுவும், ‘லுக்’ தாழ்வும் ஆகும்.

இவ்விடத்தில்தான் தமிழ் நா மாட்டிக்கொள்கிறது. வல்லின மெய்யில் சொல்லை முடிக்கத் தமிழ் இலக்கணம் இடங்கொடாது என்பது பெரியப்பா அறியாததன்று. ‘கப்’பைக் ‘கப்பு’ ஆக்கிப் பழகிய நா, இங்குள்ளோர் வாய்க்குள்ளேயே அடைத்து நிறுத்தும் ‘சத்’தையும் குற்றியலுகரம் கூட்டிச் ‘சத்து’ ஆக்குகிறது, மீன்காரர் விழிக்கிறார். போதாக்குறைக்கு, வாங்குவதும் ‘மாய்’, விற்பதும் ‘மாய்’. முன்னது தாழ்ந்து ஏறும், பின்னது தாழ்ந்தே நிற்கும், இதைத் தவறவிட்டவர் மீன்காரருக்கே மீன் விற்க வந்தவராகிறார். விரலைக் காட்டித் தப்பலாமென்றால், இவ்வூரில் 6 என்பதற்கு நீள்வன கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி மகன்