கைபேசியா, கைக்கருவியா? பொழிச்சலூரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒருவர் ஒரு டப்பாவை எங்கோ ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை மட்டும் அறிவிப்பார். மற்றவர்கள் வேலை மெனக்கெட்டுத் தேடிப்போய், உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, டப்பாவை அதே இடத்தில் வைத்துவிட்டு வருவார்கள். பரிசு கிடையாது. ஜியோகேச்சிங் எனப்படும் இந்த ஆட்டம், 2000 மே மாதம் ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கிய மறுநாளே பிறந்தது. ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் ஒரு வாளியை ஒளித்துவைத்தார். தேடப் போகிறவர் கையில் இருக்க வேண்டியது ஸ்மார்ட்போனா, கையடக்க ஜிபிஎஸ் கருவியா என்பதே இத்துறையின் தீராத வழக்கு.

இதுவரை வாதாடியவர்கள் காட்டையும் மலையையும் வைத்தே வாதாடினார்கள். இவ்வாய்வு சென்னை விமான நிலையத்தை அடுத்த பொழிச்சலூரை எடுத்துக்கொள்கிறது. தகுதி இல்லாத ஊர் அல்ல. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பரங்கிமலையடியில்தான் 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் இந்தியாவைச் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கம் வரையிலான ஏழரை மைலுக்கு 57 நாள் பிடித்தது. கோணம் அளக்க அவர் வைத்திருந்த தியோடலைட் அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதி அடிபட்டது. கைக்கருவி பாக்கெட்டில் கனக்கிறது என்று குறைப்படுவோர் இதை மனத்தில் கொள்க.

தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். கைக்கருவி இரண்டு பென்டார்ச் பேட்டரியில் பகல் முழுக்க ஓடும்; மழைக்கு அஞ்சாது. கைபேசித் திரை சித்திரை வெயிலில் தெரியாது, வியர்த்த விரலை மதிக்காது; ஆனால் செல்போன் கோபுரத்தின் தயவில் இடத்தைச் சட்டென்று பிடித்துவிடும். திறந்த வெளியில் அதன் பிழை ஏறக்குறைய 5 மீட்டர். கைக்கருவி கொஞ்சம் மேல் என்றாலும், ஒளித்தவருடைய கருவியின் பிழையும் இதோடு சேரும். இருபதடித் தெருவில் 5 மீட்டர் தள்ளினால் எதிர்வீட்டு சம்ப் மீது நிற்போம். ஆக, துல்லியத்தில் இரண்டும் ஒன்றே.

வேறுபாடு சமூகவியலில் இருக்கிறது. கைபேசியைப் பார்த்தபடி தயங்கி நடப்பவரைத் தெரு உடனே அடையாளம் கண்டுவிடுகிறது: சாப்பாடு கொண்டுவந்தவர், அல்லது கூரியர். “எந்த வீடு தம்பி?” என்று மாடியிலிருந்து ஒரு குரல் வரும். “பாத்துக்கறேன்க்கா” என்றால் விஷயம் முடிந்தது. ஈபி கம்பத்தடியில் குனிந்து துழாவினாலும் எவரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை.

அதே இடத்தில் மஞ்சள் நிறக் கைக்கருவியோடு நின்று வானத்தையும் சுவரையும் மாறிமாறிப் பாருங்கள். நீங்கள் சர்வேயர். விமான நிலைய விரிவாக்கம், நிலம் எடுப்பு என்ற பேச்சுகளைக் கேட்டுப் பழகிய வட்டாரம் இது. முதல் கேள்வி, “சார், எங்க வீடும் போகுதா?” இரண்டாவது, “பக்கத்து வீட்டு காம்பவுண்டு ரெண்டடி உள்ள வந்திருக்கு, அதையும் அளந்துடுங்க.” அதற்குள் ஒருவர் பட்டா ஜெராக்ஸோடு வருவார். இன்னொருவர் 2015 வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் தொட்டுக்காட்டி, “எழுதிக்கோங்க சார்” என்பார். நாற்காலி வரும், மோர் வரும். வேற்றார் கண்ணில் படாமல் டப்பாவை எடுப்பதே ஆட்டத்தின் நாகரிகம். அது அத்தோடு போயிற்று.

துணைக் குறிப்பு: சனிக்கிழமைகளில் அகத்தீஸ்வரர் கோயில் பக்கம் எந்தக் கருவியும் வேண்டாம். வட திருநள்ளாறு என்று நம்பி வரும் கூட்டத்தில் சொந்தச் செருப்பைத் தேடுவதே போதுமான ஆட்டம்.

ஆகவே பொழிச்சலூருக்குக் கைபேசியே உகந்தது என்று இவ்வாய்வு தீர்ப்பளிக்கிறது. கைக்கருவிதான் வேண்டும் என்று அடம்பிடிப்போர், கழுத்தில் அடையாள அட்டையையாவது மாட்டிக்கொள்ளாமல் வாருங்கள்.