இடிபாட்டைத் தொலைக்க ஏழு எளிய படிகள்

சென்னையில் அப்பா கட்டிய தனி வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பப் போகிறீர்கள். வாழ்த்துகள்! பூமி பூஜைக்கு நாள் பார்த்தாயிற்று, வாஸ்து பார்த்தாயிற்று. இடிக்கிற வீடு எங்கே போய்ச் சேரும் என்பதை மட்டும் பார்க்கவில்லை. அதுதான் சரியான தொடக்கம். மேற்கொண்டு இப்படிச் செய்யுங்கள்.

1. கழற்றாதீர்கள், உடையுங்கள். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய பழைய சுவரில் கரண்டியால் ஒரு தட்டு தட்டினால் காரை உதிர்ந்து, செங்கல் முழுசாகக் கைக்கு வந்துவிடும். இந்த ஆபத்தைத் தவிர்க்க விடியற்காலையிலேயே ஜேசிபியை வரவழையுங்கள். விலை போகிற கம்பியையும் தேக்கு நிலையையும் இடிப்பு கான்ட்ராக்டர் முதல் நாளே ஏற்றிக்கொள்வார். மிச்சத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட மாட்டார்கள். நீங்களும் கொண்டாடாதீர்கள்.

2. நன்றாகக் கலக்குங்கள். ஒரே நாளில் 20 டன்னையோ, மாதத்தில் 300 டன்னையோ தாண்டினால் கான்கிரீட், மண், இரும்பு, மரம், செங்கல் எனத் தனித்தனியே பிரிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-இல் விதி போட்டது. உங்களுடையது 19 டன். யார் எடை போட்டார்கள்? உடைந்த டைல்ஸ், பெயின்ட் டப்பா, கிழிந்த மெத்தை, மதியம் தின்ற பிரியாணிப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரே குவியலில் சேருங்கள். கலக்கும்வரை அது ஜல்லி. கலந்த பிறகுதான் குப்பை.

3. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சம்மட்டியால் நொறுக்குங்கள். தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிடாதீர்கள். அதன் இழை நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதற்குள் கூலிக் கணக்கு முடிந்திருக்கும். சித்தாளுக்கு மாஸ்க் எதற்கு? முந்தானை இருக்கிறதே.

4. குவியலுக்கு இடம் தேர்ந்தெடுங்கள். மழைநீர் வடிகாலின் வாய் மிகப் பொருத்தம். ஐப்பசிக்கு முன்பே அடைத்துவிடுவது உத்தமம்.

5. டிப்பர்காரரிடம் ஒரு தடவை மட்டும் கேளுங்கள்.

"ரப்பிஷை எங்கண்ணே கொட்டுவீங்க?"

"அது எங்க பாடு சார்."

திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் படுக்கப் போங்கள். வண்டி இரவில் கிளம்பும். ஏரிக்கரையோ, பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரமோ, இருட்டில் எல்லாம் ஒன்றுதான். அந்தச் சதுப்பு 2022-இல் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. உங்கள் லோடும் அங்கே ஏறட்டும்.

6. பெருங்குடி, கொடுங்கையூர் பக்கம் மட்டும் வண்டியை விடாதீர்கள். அங்கே இடிபாட்டை அரைத்து ஜல்லியும் மணலுமாக்கும் ஆலைகள் இருக்கின்றன. எம்25 தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில்கூட, பழைய கான்கிரீட்டை அரைத்த மறுசுழற்சி ஜல்லியை 20 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2016-இலேயே ஒப்புக்கொண்டுவிட்டது. உங்கள் இன்ஜினியர் அதைச் சொன்னால், "பழசா?" என்று மூக்கைச் சுளியுங்கள்.

7. இப்போது பேஸ்மட்டத்தை நிரப்புங்கள். தார் போடப் போடத் தெரு உயர்கிறது. ஆகவே வீட்டை மூன்றடி தூக்கியாக வேண்டும். கிராவல் மண்ணை லோடு லோடாக வாங்குங்கள். "போன மாசம் காசு குடுத்து வெளிய அனுப்புன செங்கல் உடைசலே இதுக்கு ஆயிருக்கும் சார்" என்று மேஸ்திரி சொன்னால், ராசியில்லை என்று வாயை அடைத்துவிடுங்கள். இந்த மண்ணை எந்த ஏரியில் வெட்டினார்கள் என்றும் கேட்காதீர்கள். உங்கள் இடிபாடு போன ஏரியாகவே இருக்கலாம்.

எல்லாம் முறைப்படி செய்திருந்தால், கார்த்திகைக்குள் தெருத் தண்ணீர் உங்கள் புது வாசற்படியில் ஏறும். உடனே 1913-க்குப் போன் போட்டு மாநகராட்சியைத் திட்டுங்கள்.

இடிப்பதற்கு முன்பு இடிபாட்டை எங்கே கொடுப்பது என்று கேட்கவும் அதே நம்பர்தான்.