சுற்ற மறுத்த வெந்நீர்

குளிர்தேசத்தில் குடியேறுகிறவன் முதலில் அந்நாட்டாரின் அரசியலையும் ஆசாரங்களையும் ஆராயத் தொடங்குகிறான் என்று யாத்திரை நூல்கள் எழுதிய பெரியோர் கூறுவர். அவர்கள் வசந்த காலத்தில் போய்ச் சேர்ந்தவர்களாயிருக்க வேண்டும். இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நியூகாஸில் நகரத்தில் ஐப்பசி மாதத்து இரவொன்றைக் கழித்தவன் முதலில் ஆராய்வது, ஜன்னலுக்குக் கீழே சுவரை ஒட்டி நிற்கும் ரேடியேட்டர் என்னும் வெள்ளைத் தகட்டைத்தான். அது சூடாயிருந்தால் பார்லிமெண்டு முறை, இலக்கியம், ரயில் வண்டி முதலிய சகலத்திலும் அந்தத் தேசம் உயர்ந்ததாகவே தோன்றும். அது சில்லிட்டிருந்தாலோ ஷேக்ஸ்பியரிடம்கூடக் குறை காணலாமென்று தோன்றும். சென்ற ஐப்பசியில் எங்கள் வீட்டில் ஷேக்ஸ்பியர் மிகவும் சிறுமைப்பட்டார்.

இந்த ஏற்பாட்டின் தத்துவம் எளிமையானது. சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் பாய்லர் எரிவாயுவைக் கொண்டு ஜலத்தைக் காய்ச்சும். அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் பம்பு அந்த ஜலத்தை மெல்லிய செப்புக் குழாய்களின் வழியே அறைதோறும் அனுப்பும். ரேடியேட்டர்களில் உஷ்ணத்தை இறக்கிவிட்டு ஆறிப்போன ஜலம் வேறொரு குழாயின் வழியே பாய்லருக்கே திரும்பி வந்து, மறுபடியும் காய்ந்து, மறுபடியும் புறப்படும். புதிதாக ஒரு சொட்டும் சேர்வதில்லை, பழையதில் ஒரு சொட்டும் கழிவதில்லை. வருஷக்கணக்காக ஒரே ஜலம் வீட்டைச் சுற்றிவந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டு ஜலம் இந்தத் தொழிலில் திடீரென்று வைராக்கியம் அடைந்துவிட்டது. கோடை முழுவதும் உறங்கிக்கிடந்த தெர்மோஸ்டாட்டை நாங்கள் தட்டி எழுப்பியதும், அது ஆணையிட்டது. பாய்லர் பக்தியோடு எரிந்தது. பிறகு தன் சூட்டைத் தானே தாங்கமாட்டாமல் அணைந்தது. சற்று நேரம் யோசித்து மறுபடியும் எரிந்தது. ரேடியேட்டர்கள் மட்டும் இந்தச் சம்பவங்களுக்கும் தங்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாதவைபோல நின்றன.

விஷயத்தை ஊரிலிருக்கும் தாயாருக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன்.

“குழாய்ல வெந்நீர் வரலையாப்பா?”

“குளிக்கிற குழாய்ல நல்லா வருதும்மா. போகவேண்டிய இடத்துக்குத்தான் போகமாட்டேங்குது.”

“வெந்நீர் வருதில்ல? அப்புறம் என்ன குறை உனக்கு? அது சரி, வீட்டைச் சூடு பண்ண ஒரு நாளைக்கு எத்தனை குடம் செலவாகும்?”

போன ஜலமே திரும்பி வரும் என்பதை அவர் கடைசிவரையில் நம்பவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. உடம்பில் ஓடும் ரத்தமே ஈரலில் உற்பத்தியாகி அங்கங்களில் செலவழிந்துபோகிறது என்றுதான், 1628இல் வில்லியம் ஹார்வி தம் நூலை வெளியிடும்வரையில், ஐரோப்பிய வைத்தியர்கள் பலநூறு ஆண்டுகள் சாதித்துவந்தார்கள். ரத்தத்தைப் பற்றி மகாபண்டிதர்களுக்கு இருந்த அபிப்பிராயம் ஜலத்தைப் பற்றி என் தாயாருக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

பாய்லரின் மூடியைத் திறந்து பார்த்துவிடலாமே என்றால், எரிவாயு சம்பந்தமான பாகங்களில் பதிவுபெற்ற தொழிலாளியைத் தவிர வேறெவரும் கைவைக்கலாகாது என்பது இந்நாட்டு வழக்கம். பதிவுபெற்ற தொழிலாளியோ, முதல் குளிர் விழுந்த வாரத்தில், மந்திரிகளைக் காட்டிலும் தரிசனத்துக்கு அரியவராகிவிடுகிறார். ஆகவே கம்பளிக்குள் சுருண்டு கிடந்தபடி இந்த வெந்நீர் சாஸ்திரத்தின் பூர்வ சரித்திரத்தைப் படிக்கலானேன். படித்ததில் கிடைத்தது ஆறுதல் அல்ல, அவமானம். இங்கிலாந்தில் வெந்நீரால் ஒரு கட்டடத்தைச் சூடாக்கியவர்களில் முன்னோடி மார்ட்டென் ட்ரீவால்ட் என்ற ஸ்வீடன் தேசத்தவர். அவர் அதை 1716இல் செய்துகாட்டியது, நான் நடுங்கிக்கொண்டிருந்த இதே நியூகாஸிலில். சூடு பெற்றவை ஒரு கண்ணாடி வீட்டுக்குள் இருந்த செடிகள். அடுத்து 1777இல் பொன்மான் என்ற பிரெஞ்சுக்காரர் வெந்நீரைக் குழாய்களில் சுற்றவிட்டார். அதனால் பயனடைந்தவை குஞ்சு பொரிக்க வைத்திருந்த கோழிமுட்டைகள். செடிக்கும் முட்டைக்கும் அளித்த பிறகுதான் இந்தச் சுகம் மனிதனிடம் வந்தது போலும். 1831இல் லண்டனில் ஆங்கியர் மார்ச் பெர்க்கின்ஸ் என்பவர் வெந்நீர்க் குழாய்களால் கட்டடங்களைச் சூடாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய தகப்பனார் ஜேக்கப் பெர்க்கின்ஸ் 1834இல் காப்புரிமை பெற்றதோ, குளிர்விக்கும் இயந்திரத்துக்கு! ஒரே குடும்பத்தில் மகன் உஷ்ணத்துக்கும் தந்தை குளிருக்குமாக உழைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தந்தையின் கட்சி பெருத்த வித்தியாசத்தில் ஜயித்திருந்தது.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. கோயம்புத்தூரில் பம்பு செய்யும் தொழிற்சாலையொன்றில் வேலை பார்க்கும் என் சகோதரியின் மகன், பம்பு என்ற சொல் காதில் விழுந்ததுமே உத்ஸாகம் கொண்டு கூப்பிட்டான்.

“மாமா, தண்ணிய எத்தனை அடி மேலே தூக்கணும்?”

மாடியறை வரையில் போகவேண்டும் என்றாலும், இது மூடிய சுற்றுவழியாகையால் ஏறுகிற ஜலத்தின் பாரத்தை இறங்குகிற ஜலத்தின் பாரமே ஈடுசெய்துவிடும் என்றும், குழாய்களின் உராய்வை வெல்வதைத் தவிரப் பம்புக்கு வேறு பொறுப்பு இல்லையென்றும் நான் படித்திருந்ததை விஸ்தாரமாக எடுத்துரைத்தேன்.

“அப்படின்னா அந்தப் பம்புக்கு வேலையே இல்லையே, மாமா!”

“அதுவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது” என்றேன்.

அடுத்த வீட்டுப் பெரியவர் கப்பல் கட்டும் துறையில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர். அவர் நீண்டதொரு திருப்புளியுடன் எழுந்தருளி, அதன் நுனியைப் பாய்லரின் மேல்தகட்டிலும் பிடியைத் தம் செவியிலும் பொருத்திக் கண்ணை மூடினார். பம்பு ஓடுகிறது என்று தீர்ப்பாயிற்று. பிறகு அறை அறையாகச் சென்று ரேடியேட்டர்களைத் தடவிப் பார்த்துவிட்டு, மூன்றே வாக்கியங்களில் தம் சித்தாந்தத்தை வெளியிட்டார்: “மேல்பாகம் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று. கீழ்பாகம் குளிர்ந்திருந்தால் உள்ளே சேறு. முழுவதும் குளிர்ந்திருந்தால், அது கடவுளுக்கும் பிளம்பருக்கும் இடையிலுள்ள விஷயம்.”

ஆனாலும் முயற்சி திருவினையாக்கும் என்பதை எண்ணி, ரேடியேட்டர் மூலையிலுள்ள சதுரத் திருகைத் திறக்கும் சிறு சாவியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். ஜலத்தில் கரைந்திருக்கும் காற்று, சூடேறும்போது பிரிந்து மேலே போய் உட்கார்ந்துவிடும் சுபாவமுடையது. திருகைத் தளர்த்தினால் சீறிக்கொண்டு வெளியேறும். சீறல் ஓய்ந்து ஜலம் எட்டிப் பார்த்ததும் மூடிவிட வேண்டும். மாடியறை ரேடியேட்டர் சிறிது சீறியது. தொடர்ந்து மை போன்ற கறுப்பு ஜலத்தைத் துப்பியது. இரும்பு உள்ளுக்குள்ளே அரிக்கப்படுவதால் உண்டாகும் காந்த ஆக்ஸைடுதான் அந்தக் கறுப்பு. காற்று போனதால் அழுத்தமானியின் முள் ஒன்றுக்குக் கீழே இறங்கியது. நிரப்பும் வால்வைத் திறந்து முள்ளை ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவே நிறுத்தினேன். இயந்திரத்திற்குரிய சகல உபசாரங்களும் ஆயின. ரேடியேட்டர்கள் அதே சமநிலையில் நின்றன.

இந்த இடத்தில்தான் சுற்றி ஓடும் பொருள்களின் விபரீத குணம் எனக்குப் புலனாயிற்று. நேர்வழியில் ஓடும் ஆற்றில் தண்ணீர் வரவில்லையென்றால் மேலே அணைக்கட்டுக்காரரைக் குற்றம் சொல்லலாம். வட்டத்திலோ மேலேது, கீழேது? தெர்மோஸ்டாட்டைக் கேட்டால் ஆணையிட்டேன் என்கிறது. பாய்லர் எரிந்தேன் என்கிறது. பம்பு சுழன்றேன் என்கிறது. ரேடியேட்டர் வந்தால் வாங்கிக்கொள்ளமாட்டேனா என்கிறது. ஒவ்வொன்றும் உண்மையே பேசுகிறது; எல்லாரும் நிரபராதிகளாக இருக்கும் வீட்டில் எல்லாரும் குளிரில் நடுங்குகிறார்கள். உறுப்புகளை எத்தனை நுட்பமாக விசாரித்தாலும் இந்த வழக்கு முடியாது. வழியை முழுக்க நடந்து பார்க்க வேண்டியதுதான்.

ஆகவே என் மனைவியும் நானும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டோம். பாய்லரிலிருந்து ஜலம் புறப்படும் குழாயைப் பிடித்துக்கொண்டு நான் போவது. திரும்பிவரும் குழாயைப் பிடித்துக்கொண்டு அவள் எதிர்த்திசையில் போவது. நாட்டு வைத்தியர் மூன்று விரலால் நாடி பார்ப்பது போல நான் குழாயை அங்குலம் அங்குலமாகத் தொட்டுப் பார்த்தேன். பாய்லருக்கு அடியில் அது விரல் சுடும் அளவுக்குக் கொதித்தது; சமையலறைக் கதவை எட்டுவதற்குள் வெதுவெதுப்பாயிற்று; கூடத்தில் உயிரே இல்லை. ஜலம் புறப்படுகிறது, ஆனால் போக இடமில்லாமல் வாசலிலேயே நிற்கிறது என்ற முடிவுக்கு வந்து, அதை மனைவியிடம் தக்க உதாரணங்களோடு விளக்கத் திரும்பினேன்.

“என்னங்க, இந்தக் கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே கிடந்தது. நேராத் திருப்பிட்டேன்” என்றாள்.

திரும்பிவரும் குழாயில், பாய்லருக்கு ஒரு சாண் தூரத்தில், அந்தக் கறுப்பு மண்டியைப் பிடித்து வைப்பதற்காகக் காந்தம் பொருத்திய வடிகட்டி ஒன்று உண்டு. அதைக் கழுவும்போது இருபுறமும் உள்ள வால்வுகளை மூடிக்கொள்ள வேண்டும். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் வழி திறந்தது, குறுக்கே இருந்தால் அடைத்தது. கோடையில் வருஷாந்தரப் பரிசோதனைக்கு வந்த புண்ணியவான் வடிகட்டியைப் பழுதறக் கழுவி, ஒரு வால்வைத் திறந்து, மற்றதை மறந்து, எங்களிடம் தேநீர் அருந்திச் சென்றிருக்கிறார். குளியலுக்கு வெந்நீர் காய்ச்சும்போது ஜலம் பாய்லருக்குள்ளேயே சுற்றிக்கொள்வதால், மாதக்கணக்கில் ஒருவரும் சந்தேகிக்க இடமில்லாமல் போயிற்று. மனைவி பேசி முடிப்பதற்குள்ளாகவே குழாய்க்குள் ஒரு சலசலப்பு எழுந்து கூடத்துக்கு ஓடியது. கூடத்து ரேடியேட்டர் முதலிலும், மாடியறை ரேடியேட்டர் கடைசியிலுமாக அனைத்தும் தத்தம் கடமைக்குத் திரும்பின.

குளிர்ந்த நாட்களில் நான் தயாரித்து வைத்திருந்த புகாரை மறுநாள் அந்தப் பரிசோதகரை அனுப்பிய கம்பெனியாரிடம் தொலைபேசியில் ஒப்பித்தேன். பரிசோதனை நாளன்று சகல உறுப்புகளும் ஒழுங்காக இயங்கியதாகத் தங்கள் ஏட்டில் பதிவாகியிருக்கிறது என்று மறுமுனையிலிருந்த பெண்மணி இனிமையாகச் சொன்னாள். அது முழு உண்மை என்பதை என்னால் மறுக்க முடியவில்லை.

“நீங்களாகவே ஒரு வால்வைத் திருப்பிவிட்டதாகச் சொல்கிறீர்கள். அது சரியாகத் திறந்திருக்கிறதா என்று பார்க்க ஆளனுப்பட்டுமா? அதற்குத் தனிக் கட்டணம் உண்டு” என்றாள்.

வீடு குளிர்ந்திருந்தால் இந்தக் கேள்விக்கு நான் அளித்திருக்கக்கூடிய விடை இந்தப் பத்திரிகையில் அச்சேறத் தக்கதன்று. என் முதுகுக்குப் பின்னால் ரேடியேட்டர் இதமாகக் காய்ந்துகொண்டிருந்தபடியால், அவளுக்கு வந்தனம் கூறி, ஷேக்ஸ்பியரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனிதர் அப்படியொன்றும் மோசமாக எழுதவில்லை.