கோழி முந்தியா, கத்தரி முந்தியா?

கேள்வி: தை பிறந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடம் கிடக்கிறது. மார்ச்சில் பாத்தி கட்டி, கூடவே கோழிக்குஞ்சும் வாங்கி விடுங்கள் என்கின்றன வீடியோக்கள். செய்யலாமா? (திருத்தங்கல் வாசகி)

பதில்: கோழி முந்தி, கத்தரி பிந்தி. நீங்கள் பார்த்தவை பனி உறையும் நாடுகளுக்கான யோசனைகள். அங்கே மார்ச்சில் மண் இளகும். நம் கரிசலோ அப்போதுதான் வெடிப்பு விடத் தொடங்கும். பங்குனியில் நட்ட நாற்று நன்றாக வேர் பிடிப்பதற்குள் அக்னி நட்சத்திரம் வந்துவிடும். 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும், அடுத்து பட்டாசும் வேரூன்றக் கைகொடுத்தது இந்த வறண்ட வெயில்தான். மருந்து காய்வதற்கு ஏற்ற வெயில் நாற்றுக்கு ஏற்றதாக இராது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டம் இது. வீட்டுத் தண்ணீர் ஊற்ற முடிந்தால் ஆடிப்பட்டம், மழையை மட்டும் நம்பினால் புரட்டாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரையுள்ள மாதங்கள் மண்ணைத் தயார்செய்யத்தான். அந்த வேலைக்குத்தான் கோழி முதலில் வரவேண்டும் என்கிறேன். மூன்று மாதம் வளர்ந்த சிறுவிடை நாட்டுக்கோழிகள் ஐந்து, ஒரு சேவல், இவை போதும்; தையிலேயே வாங்கிவிடுங்கள். பஞ்சு போன்ற குஞ்சுகள் கோடையைத் தாண்டுவது பெரும்பாடு. கூண்டின் தரையில் நிலக்கடலைத் தோலைப் பரப்புங்கள். எச்சம் விழுந்து ஊறிய தோலை அவ்வப்போது வாரி, காய்ந்த வேப்பிலையோடு நிழலில் குவித்து, ஈரம் காயாமல் பார்த்து, கிளறிவிட்டு வாருங்கள். பச்சை எச்சத்தை நேராகப் போட்டால் செடி கருகும். சில மாதம் மக்கினால் அதுவே நல்ல எரு. சித்திரையில் ஒரு மழை விழுந்தால் மண்ணைக் கொத்திப் புரட்டிப் போடுங்கள். ஆடியில் கத்தரியும் வெண்டையும் கொத்தவரையும் ஊன்றும்போது எரு காசில்லாமல் கையில் இருக்கும். நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது, எழுபது முட்டைதான் இடும் என்று சலிப்பவர்கள் எருவையும் வரவில் எழுதிப் பார்க்கட்டும்.

கேள்வி: போன கோடையில் எங்கள் தெருவில் வெள்ளைக்கழிச்சல் வந்து கூண்டு கூண்டாகச் செத்தன. தெரிந்தே நஷ்டப்படச் சொல்கிறீர்களா? (சாத்தூர் வாசகர்)

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் ராணிகேத் எனப்படும் இந்த வெள்ளைக்கழிச்சல் நோய் புகுந்தால் ஒன்றிரண்டு மிஞ்சுவதே அதிசயம். செத்த பிறகு மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துப் பயனில்லை. இந்த நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே உண்டு. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இதற்கான கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்கள் நடத்துவது வழக்கம். தையில் வாங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்: கோடை முற்றுமுன் ஊசி போட்டு, உடம்பில் எதிர்ப்பு சக்தி ஊற அவகாசம் கிடைக்கும். இன்னொன்று, சந்தையில் வாங்கிய கோழியை அன்றே பழைய கோழிகளோடு விடாதீர்கள். இரண்டு வாரமாவது தனியே கட்டிவைத்துப் பாருங்கள். நோய் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

கேள்வி: வெடியுப்பில் நைட்ரேட் இருக்கிறது, கந்தகமும் பயிருக்கு நல்லது என்கிறார்கள். பட்டாசுக் கழிவைப் பாத்தியில் கொட்டினால் உரச்செலவு மிச்சம்தானே? (சிவகாசி வாசகர்)

பதில்: உங்கள் வேதியியல் பாதி சரி, அதனால்தான் பயப்படுகிறேன். பொட்டாசியம் நைட்ரேட் கடையில் உரமாகவே விற்கிறது, கந்தகமும் பயிருக்கு வேண்டிய சத்துதான். ஆனால் கழிவு என்பது தனித்த உப்பு இல்லை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் மூன்றும் கலந்து கிடந்தால் அது வெடிமருந்து. உரசினாலே பற்றக்கூடிய பொருளை மண்வெட்டி விழும் இடத்தில் கொட்டுவதா? பச்சை ஒளிக்குச் சேர்த்துவந்த பேரியம் நைட்ரேட் உண்டால் நஞ்சு. பளபளப்பாக எது கிடந்தாலும் கொத்திப் பார்ப்பது கோழியின் இயல்பு. அதன் முட்டையைத்தான் உங்கள் பிள்ளை சாப்பிடப்போகிறது. ஆகவே கழிவை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம். ஆலையில் வேலை பார்ப்பவர்கள் குளித்து, உடை மாற்றிய பிறகு கூண்டைத் திறந்தால் இன்னும் நல்லது. கந்தகச் சத்து வேண்டுமானால் மண்ணைப் பரிசோதித்துவிட்டு ஜிப்சம் இடுங்கள்.