டவர் பக்கம்தான், இணையம்தான் தூரம்

கேள்வி: தெருமுனையிலேயே செல்போன் டவர். சிக்னல் கோடுகளும் முழுசாக இருக்கின்றன. ஆனாலும் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறதே, ஏன்?
– வாசகர், போடி

பதில்: அந்தக் கோடுகளுக்கு டவர் வரைக்கும்தான் வழி தெரியும். அதற்கப்பால் டவரை இணையத்தோடு சேர்க்கும் இணைப்பு ஒன்று வேண்டும். மேல்நிலைத் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, அதை நிரப்பும் குழாய் விரல் கனம் என்றால்? (ஒரே நேரத்தில் ஊரே வீடியோ பார்ப்பதும் காரணமாகலாம்.) நம் நாட்டில் ஏராளமான டவர்கள் இன்னும் வட்ட டிஷ் வைத்து, மைக்ரோவேவ் அலை வழியேதான் அடுத்த டவரோடு பேசுகின்றன. அதன் கொள்ளளவு குறைவு. உயர் அலைவரிசைகள் கனமழையில் தளர்ந்தும் விடும். கண்ணாடி இழையில், அதாவது ஃபைபரில், ஒளியாக ஓடும் தகவலுக்கு மழையும் இல்லை, இடியும் இல்லை. அதற்கு ஒரே எதிரி ஜேசிபி!

2019 டிசம்பரில் தொடங்கிய தேசிய பிராட்பேண்ட் இயக்கம், 30 சதவீத அளவில் இருந்த, ஃபைபர் இணைப்புள்ள டவர்களை 2024-க்குள் 70 சதவீதமாக்க நினைத்தது. முடியவில்லை. சாலையைத் தோண்ட அனுமதி, கட்டணம், மறுபடி அனுமதி என்று காலம் கரைந்தது. தோண்டுமுன் கேபிள்காரர்களுக்குத் தகவல் சொல்ல 2023 மார்ச்சில் ஒரு செயலியும் வந்தது, நல்ல காரியம். என்னைக் கேட்டால், புதுச்சாலை போடும்போதே ஓரமாக ஒரு வெற்றுக் குழாயைப் புதைத்துவிட வேண்டும். ஃபைபர் எப்போது வந்தாலும் அதற்குள் நுழைந்துகொள்ளும், சாலையும் பிழைக்கும். உங்கள் நகராட்சியில் அடுத்த சாலை டெண்டர் வரும்போது இதை எழுதிக் கேளுங்கள்.